வயிற்றுச் சீரமைப்பு அறுவை: யாரிடம் போவது, பிறகு எப்படித் தேறுவது?

மழைத்துளி:

எல்லோருக்கும் வணக்கம். பல மாதங்களாக இங்கே வாசித்து மட்டும் வந்தேன். இன்றுதான் முதல் முறையாக எழுதுகிறேன்.

இரண்டு பிரசவம், இரண்டும் சிசேரியன். சின்னவனுக்கு இப்போது 3 வயது. எடை பழைய நிலைக்கு வந்து ஓராண்டுக்கு மேல் ஆகிறது. வயிறு மட்டும் திரும்பவில்லை. தழும்புக்கு மேலே தோல் மடிந்து தொங்குகிறது. மடிப்புக்குள் வியர்த்து அடிக்கடி புண்ணாகிறது. படுத்துக்கொண்டு தலையைத் தூக்கினால் நடுவயிறு கூரை முகடுபோல் புடைத்து எழுகிறது. தொப்புளுக்கு மேலே தசை 3 விரல் அகலத்துக்கு விலகியிருக்கிறது என்று சொன்னார்கள்.

டம்மி டக், அதாவது தொங்கும் தோலை வெட்டியெடுத்து விலகிய தசையைச் சேர்த்துத் தைக்கும் வயிற்றுச் சீரமைப்பு அறுவை, செய்துகொள்வதென்று முடிவெடுத்துவிட்டேன். இது தேவையா என்ற கேள்வியை வீட்டில் போதுமான அளவு கேட்டாயிற்று. இங்கே அது வேண்டாம். என் குழப்பம் யாரிடம் போவது என்பதில்தான்.

இரண்டு மருத்துவர்களைப் பார்த்தேன். முதலாவது இடத்தில் ஆலோசகர் ஒருவர் 40 நிமிடம் அன்பாகப் பேசினார். மருத்துவர் கடைசியில் வந்து 5 நிமிடம் நின்றார். வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "அருமையாக வரும்" என்றார். இந்த வாரத்துக்குள் முன்பணம் கட்டினால் இடுப்பைச் சுற்றிக் கொழுப்பு உறிஞ்சுவது இலவசமாம்.

இரண்டாமவர் அதிகம் பேசவில்லை. நிற்கவைத்து, உட்காரவைத்து, படுக்கவைத்துப் பார்த்தார். இருமச் சொன்னார். தழும்பு எங்கிருந்து எதுவரை வரும் என்று என் வயிற்றிலேயே பேனாவால் கோடு போட்டுக் காட்டினார். ஒரு பக்க இடுப்பெலும்பிலிருந்து மறு பக்க இடுப்பெலும்புவரை! கண்ணாடியில் பார்த்தவுடன் எனக்குக் கால் நடுங்கியது. கடைசியில், "அவசரமே இல்லை, யோசித்துவிட்டு இன்னொரு முறை வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார். அவருக்கு விருப்பமில்லையோ என்று நினைத்தபடி வீடு வந்தேன்.

முதலாமவரிடம் தைரியம் வருகிறது, இரண்டாமவரிடம் பயம் வருகிறது. நீங்கள் எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்?

அறுவைக்கூடச் செவிலி:

மழைத்துளி, பயம் வந்த இடத்துக்கே போங்கள். அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டுச் சம்மதிப்பதுதான் சம்மதம்.

19 ஆண்டுகளாக அறுவைக்கூடத்தில் நிற்கிறேன். நோயாளிகள் பார்க்க முடியாத ஒன்றை நாங்கள் பார்க்கிறோம்: கத்தி எடுப்பதற்கு முன் ஒரு மருத்துவர் எவ்வளவு யோசித்திருக்கிறார் என்பது. வயிற்றைத் தொடாமல் இந்த அறுவையைத் திட்டமிட முடியாது. இருமச் சொன்னது ஏன் தெரியுமா? தொப்புளிலோ பழைய தையலிலோ ஹெர்னியா (குடலிறக்கம்) இருந்தால் அப்போதுதான் புடைக்கும். அது தெரியாமல் கொழுப்பு உறிஞ்சும் குழாயை உள்ளே செலுத்தினால் குடலில் ஓட்டை விழும் ஆபத்து உண்டு. படுக்கவைத்துத் தலையைத் தூக்கச் சொல்வது தசை விலகலைப் பார்க்க. உட்காரவைத்தால் தோலின் உபரி தெரியும். உங்கள் இரண்டாமவர் பேசாமல் வேலை செய்திருக்கிறார்.

முதலில் சரிபார்க்க வேண்டியது தகுதி. "அழகியல் அறுவை நிபுணர்" என்ற பலகையைப் பல நாடுகளில் எந்த மருத்துவரும் மாட்டிக்கொள்ளலாம். "பிளாஸ்டிக் சர்ஜன்" என்பது பல ஆண்டுத் தனிப் பயிற்சியும் தேர்வும் முடித்தவர்களுக்கு உரியது. உங்கள் நாட்டு மருத்துவப் பதிவேட்டில் அவர் பெயர் எந்தத் துறையின் கீழ் இருக்கிறது என்று நீங்களே தேடிப் பாருங்கள். சுவரில் தொங்கும் சான்றிதழ்களில் பாதி, இரண்டு நாள் பயிலரங்கில் கலந்துகொண்டதற்குக் கொடுத்தவையாக இருக்கலாம்.

அடுத்தது, இதே அறுவையைச் செய்ய அவருக்கு ஒரு முழு மருத்துவமனையில் அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். சொந்தக் கிளினிக்கில் செய்தாலும் இந்தக் கேள்வி முக்கியம். மருத்துவமனை என்றால் சக மருத்துவர்கள் அவருடைய பயிற்சியை ஆராய்ந்துதான் அனுமதி கொடுப்பார்கள்.

மயக்க மருந்து யார் கொடுக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். இது 2 முதல் 4 மணி நேரம் பிடிக்கும் பெரிய அறுவை. அதற்கென்றே படித்த ஒருவர் உங்கள் தலைமாட்டில் முழு நேரமும் இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

வெண்மேகம்:

செவிலி அக்கா சொன்னதோடு என்னுடையதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதை எழுத இன்னும் கை நடுங்குகிறது. ஆனாலும் எழுத வேண்டும்.

நான் போனதும் உங்கள் முதலாவது இடத்தைப் போன்ற ஓர் இடம்தான். நான் புகைபிடிப்பேனா என்று ஒரு படிவத்தில் கேட்டிருந்தது. "எப்போதாவது" என்று எழுதினேன். அதைப் பற்றி யாரும் மறுபடி பேசவே இல்லை. அறுவையோடு சேர்த்து நடுவயிற்றிலும் கொழுப்பை நிறைய உறிஞ்சினார்கள். 6ஆம் நாள் தையலின் நடுப்பகுதி, தொப்புளுக்கு நேர் கீழே, ஊதா நிறமாகி அப்புறம் கறுத்தது. படம் எடுத்து அனுப்பினேன். ஆலோசகர், "சாதாரணக் காயம்தான், பதறாதீர்கள்" என்று பதில் போட்டார். மருத்துவர் வெளிநாட்டு மாநாட்டில் இருந்தார். அவருக்குப் பதிலாகப் பார்க்க யாரும் இல்லை. 11ஆம் நாள் நானே ஒரு பொது மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போனேன். தோல் செத்துவிட்டது என்றார்கள். உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி எடுத்து, திறந்த புண்ணாகவே ஆறவிட்டார்கள். 4 மாதம் ஆயிற்று.

மேல்வயிற்றுத் தோலை அடியிலிருந்து விடுவித்துக் கீழே இழுத்துத் தைக்கிறார்கள். அந்தத் தோலுக்கு ரத்தம் பெரும்பாலும் இரு பக்கங்களிலிருந்துதான் வருகிறது. நடுவில் கீழ்ப்பகுதிதான் ரத்தம் கடைசியாகப் போய்ச் சேரும் இடம். நிகோட்டின் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. அதனால் அறுவைக்கு முன் குறைந்தது 4 வாரம், பின் 4 வாரம், ஒரு சிகரெட்கூடக் கூடாது. நிகோட்டின் சூயிங்கம், ஒட்டுப் பட்டை, மின்சிகரெட் எல்லாம் இதில் சேரும். இதையெல்லாம் என்னை முகத்துக்கு நேரே உட்காரவைத்து யாராவது சொல்லியிருந்தால் நான் நிறுத்தியிருப்பேன். சத்தியமாக நிறுத்தியிருப்பேன்.

தங்கையாக நினைத்துச் சொல்கிறேன், மழைத்துளி. மருத்துவரைப் பார்க்கும்போது இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: "இரவு 2 மணிக்கு எனக்கு ஏதாவது ஆனால், என் அழைப்பை யார் எடுப்பார்கள்?" பதிலில் ஒரு பெயர் வர வேண்டும்.

மழைத்துளி:

வெண்மேகம் அக்கா, படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எழுதியதற்கு நன்றி என்று சொன்னால் அது மிகச் சின்ன வார்த்தை.

நான் புகைப்பதில்லை. ஆனால் ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை எடுக்கிறேன். அதை இருவருமே... இல்லை, இரண்டாமவர் கேட்டார். முதலாவது இடத்தில் கேட்கவில்லை. இப்போதுதான் உறைக்கிறது.

இப்படியெல்லாம் கேள்வி கேட்டால் மருத்துவர் கோபப்பட மாட்டாரா?

நடைபயணி:

சகோதரி, கோபப்படுகிறாரா என்று பார்ப்பதற்காகவே கேட்க வேண்டும்.

நான் ஆண். இரைப்பை அறுவைக்குப் பின் 52 கிலோ குறைந்து, எடை ஒரே நிலையில் ஓராண்டு நின்ற பிறகு வயிற்றுத் தோலை எடுத்துக்கொண்டேன். மூன்று மருத்துவர்களைப் பார்த்தேன். மூவரிடமும் ஒரே கேள்வி கேட்டேன்: "உங்கள் கையில் இந்த அறுவை சரியாக வராத ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள். நீங்கள் என்ன செய்தீர்கள்?" முதலாமவர், "எனக்கு அப்படி நடந்ததே இல்லை" என்றார். எழுந்து வந்துவிட்டேன். நிறையச் செய்தவருக்கு நீர் கோர்த்ததும் தையல் விட்டதும் கட்டாயம் நடந்திருக்கும். இரண்டாமவருக்கு எரிச்சல். மூன்றாமவர் நாற்காலியில் சாய்ந்து, ஒரு நோயாளிக்குக் காலில் ரத்தம் உறைந்ததையும், அதற்குப் பிறகு தம் வழிமுறையில் என்னென்ன மாற்றினார் என்பதையும் சொன்னார். அவரிடமே அறுவை செய்துகொண்டேன்.

முன்-பின் படங்களைப் பார்ப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. உங்களைப் போன்ற உடல்வாகு உள்ளவர்களின் படங்களைக் கேளுங்கள். இரண்டு படத்திலும் வெளிச்சமும் நிற்கும் விதமும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பின்படத்தில் மட்டும் வயிற்றை உள்ளிழுத்து, கையை உயர்த்தி நிற்பவர்கள் நிறைய. உள்ளாடையைக் கொஞ்சம் இறக்கி, தழும்பு தெரிகிற படம் இருக்க வேண்டும். அறுவை முடிந்து 6 வாரத்தில் எடுத்தது போதாது. ஓராண்டுப் படம் காட்டச் சொல்லுங்கள். தொப்புளையும் கவனியுங்கள். தொப்புள் அதே இடத்தில்தான் இருக்கிறது. தோலை இழுத்த பின் புதிய துளை போட்டு அதை வெளியே கொண்டுவருகிறார்கள். அது இயல்பாக அமைந்திருந்தால் கைத்திறன் தெரியும்.

எடை குறைந்தவர்களுக்கு ஒரு வார்த்தை: புரதம், இரும்புச்சத்து, பி12 அளவுகளைப் பார்க்காமல் தேதி குறிக்காதீர்கள். எனக்கு ரத்தசோகை இருந்ததால் 3 மாதம் தள்ளிப்போட்டார்கள். அப்போது கசந்தது.

உடலியக்கம்:

நான் இயன்முறை மருத்துவர். மழைத்துளி முடிவெடுத்துவிட்டதாகச் சொல்லியிருப்பதால் அவருக்காக அல்லாமல், இந்த இழையைப் படிக்கும் மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

தசை விலகல் இருப்பதாலேயே அறுவை வேண்டும் என்று இல்லை. பிரசவத்துக்குப் பின் முதல் பல மாதங்களில் அது தானாகவே குறையும். ஆழ்வயிற்றுத் தசைக்கும் இடுப்புத்தளத் தசைக்கும் முறையான பயிற்சி கொடுத்தால் இடைவெளி முழுவதும் மூடாவிட்டாலும் நடுக்கோடு உறுதியாகி, முதுகுவலியும் பாரம் தூக்கும்போது வரும் புடைப்பும் குறைவதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன். ஆனால் எந்தப் பயிற்சியும் உபரித் தோலைக் குறைக்காது. அதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். மடிப்புக்குள் புண் வருகிறவரிடம் "இன்னும் பயிற்சி செய்யுங்கள்" என்று சொல்வது கொடுமை.

இன்னொரு குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் அறுவையைத் தள்ளிப்போடுங்கள். பிறகு கருத்தரித்தாலும் குழந்தை நலமாகவே வளரும். ஆனால் தைத்த தசையும் தோலும் மறுபடி விரியும்.

புதுமலர்:

எனக்கு 2 விரல் இடைவெளி, தோல் அதிகம் தொங்கவில்லை. 8 மாதம் பயிற்சி செய்தேன். போதும் என்று தோன்றிவிட்டது. அறுவைக்குப் போகவில்லை. இப்படியும் முடியலாம் என்று பதிவு செய்கிறேன்.

மழைத்துளி:

உங்கள் எல்லோருடைய கேள்விகளையும் தாளில் எழுதிக்கொண்டு இரண்டாமவரிடம் மீண்டும் போனேன். தாளைப் பார்த்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டு, "ஒவ்வொன்றாகக் கேளுங்கள்" என்றார். ஒரு மணி நேரம் ஆயிற்று. இரவில் எடுக்கும் எண்ணையும், தாம் ஊரில் இல்லாதபோது பார்க்கும் மருத்துவரின் பெயரையும் கேட்பதற்கு முன்பே எழுதிக் கொடுத்தார். பதிவேட்டிலும் தேடிவிட்டேன். சரியாக இருக்கிறது.

மாத்திரையை அறுவைக்கு 4 வாரம் முன் நிறுத்தி வேறு வழி பார்க்கச் சொன்னார். ரத்தம் உறையும் ஆபத்தை அளக்க, காப்ரினி மதிப்பெண் என்று ஒரு கணக்குப் போட்டார். வயது, எடை, மாத்திரை, குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் உறைந்த வரலாறு என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். அழகியல் அறுவைகளில் கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போகும் ஆபத்து இதில்தான் அதிகமாம். அதனால் அன்று மாலையே நடக்க வைப்பேன், தேவைப்பட்டால் ரத்தம் உறையாமலிருக்க ஊசியும் போடுவேன் என்றார்.

இருபுறமும் வடிகுழாய் வைப்பேன் என்று சொல்லியிருக்கிறார். வடிகுழாய் இல்லாமலும் செய்கிறார்களாமே? அதுதான் நல்லதா?

அறுவைக்கூடச் செவிலி:

இரண்டும் நடக்கிறது. தோலுக்கும் அடியிலுள்ள தசை உறைக்கும் இடையே பெரிய வெற்றிடம் உண்டாகிறது, அதில் நிணநீர் சேரும். வடிகுழாய் அதை வெளியே எடுக்கிறது. இன்னொரு வழி, தோலை அடியோடு சேர்த்து வரிசையாகப் பல தையல்கள் போட்டு வெற்றிடத்தையே மூடிவிடுவது. இந்தத் தையல் முறையைப் பற்றி, போலக் (Pollock) என்ற ஒரே குடும்பப் பெயர் கொண்ட இரு பிளாஸ்டிக் சர்ஜன்கள் 2000ஆம் ஆண்டில் எழுதினார்கள். அதற்குப் பின் பலர் வடிகுழாயை விட்டுவிட்டார்கள். ஆனால் தையல் முறைக்கு நேரம் அதிகம் பிடிக்கும், கை பழகியிருக்க வேண்டும். உங்கள் மருத்துவருக்கு எது பழக்கமோ அதைச் செய்ய விடுங்கள். வடிகுழாய்க்காக மருத்துவரை மாற்றுவது சரியல்ல.

24 மணி நேரத்தில் வடிவது ஏறத்தாழ 30 மில்லிக்குக் கீழே வந்தால் எடுப்பார்கள். நேரம், அளவு, நிறம் மூன்றையும் குறித்துவையுங்கள். முதலில் சிவப்பு, பிறகு இளஞ்சிவப்பு, பிறகு வைக்கோல் நிறம். திடீரெனப் புதுச் சிவப்பு ரத்தம் நிறைந்தால் அழையுங்கள்.

ஆஸ்பிரின், மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, பூண்டு மாத்திரை, மூலிகைத் தூள் என்று எதை எடுத்தாலும் மயக்க மருந்து நிபுணரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். எடை குறைக்கும் வார ஊசி போடுபவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த ஊசி இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது. மயக்கத்தில் வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

நடைபயணி:

வீட்டை இப்போதே தயார் செய்யுங்கள், சகோதரி. படுக்கையில் தட்டையாகப் படுக்க முடியாது. முதுகுக்குப் பின்னால் சாய்வு, முழங்காலுக்கு அடியில் தலையணை, உடம்பு ஒரு சாய்வு நாற்காலிபோல மடிந்திருக்க வேண்டும். எழும்போது வயிற்றால் எழாதீர்கள். பக்கவாட்டில் உருண்டு, கால்களைத் தொங்கவிட்டு, கையை ஊன்றி எழுங்கள். இதை அறுவைக்கு முன்பே ஒரு வாரம் பழகுங்கள். குனியாமல் எட்டும் உயரத்தில் எல்லாவற்றையும் வையுங்கள். இருமவோ தும்மவோ வந்தால் சின்னத் தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடியுங்கள்.

மலச்சிக்கலைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. வலி மாத்திரை குடலைக் கட்டிவிடும். முதல் நாளிலிருந்தே மலமிளக்கி வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். எனக்கு அறுவை வலியைவிட 4ஆம் நாள் கழிப்பறையில் பட்டதுதான் நினைவில் நிற்கிறது.

வெண்மேகம்:

3 வயதுக் குழந்தை இருக்கிறான் அல்லவா? 6 வாரம் அவனைத் தூக்கக் கூடாது. தைத்த தசை பிய்ந்துவிடும். அவனிடம் இப்போதிலிருந்தே சொல்லிப் பழக்குங்கள். நீங்கள் தரையில் உட்கார முடியாத நாள்களில் அவன் உங்கள் பக்கத்தில் ஏறி உட்கார ஒரு சிறு படி போட்டு வையுங்கள்.

மழைத்துளி:

அறுவை முடிந்து 4ஆம் நாள். படுத்தபடி தட்டச்சு செய்கிறேன்.

3 மணி நேரம் ஆனதாம். கண் விழித்தபோது நெஞ்சுக்குக் கீழே யாரோ இறுக்கிக் கட்டிவைத்ததுபோல் இருந்தது. அன்று மாலை இரண்டு பேர் பிடித்துக்கொள்ள 6 அடி நடந்தேன். கூனிக்கொண்டுதான் நடக்க முடிகிறது. நிமிர்ந்தால் தையல் இழுக்கிறது. நிமிரவே வேண்டாம், தானாக நிமிர்வீர்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். தோல் வலிக்கவில்லை. தசையைத் தைத்த இடம்தான், இதுவரை செய்யாத ஒரு கடும் பயிற்சியைச் செய்ததுபோல் வலிக்கிறது. முதுகுவலி அதைவிட மோசம், கூன் நடையால். வடிகுழாய் இடதில் 70, வலதில் 55 மில்லி.

உருண்டு எழுவதைப் பழகச் சொன்ன நடைபயணி அண்ணனுக்கு என் முழு மனதான நன்றி.

மழைத்துளி:

9ஆம் நாள். வடிகுழாய்கள் எடுத்தாயிற்று. உடம்பில் குறையொன்றும் இல்லை. ஆனால் நேற்று முழுவதும் அழுதேன். கண்ணாடியில் பார்த்தால் வீங்கிய வயிறு, தொப்புளைச் சுற்றிக் காய்ந்த ரத்தம், கோணிச் சாக்கைத் தைத்ததுபோல ஒரு தையல். தொப்புளுக்குக் கீழே தொட்டால் உணர்ச்சியே இல்லை. வேறு யாருடைய வயிற்றையோ தொடுவதுபோல் இருக்கிறது. என்ன செய்துவிட்டேன் என்று நினைத்தேன். சின்னவன் தூக்கு என்று கை நீட்டினான். தூக்க முடியவில்லை.

அறுவைக்கூடச் செவிலி:

இரண்டாவது வாரத்தில் எல்லோரும் இங்கே வந்து நிற்கிறார்கள். வலி மாத்திரை குறைந்துகொண்டு வருகிறது, தூக்கம் இல்லை, அசைய முடியவில்லை, இந்த நேரத்தில் வயிறும் மிக மோசமாகத் தெரிகிறது. இப்போது தெரியும் வயிறு உங்கள் வயிறு ஆகப்போவதில்லை. மாலையில் வீங்கும், காலையில் வடியும். மாதக்கணக்கில் இப்படித்தான். ஓராண்டுவரை இறுதித் தீர்ப்பு எழுதாதீர்கள். இரண்டு வாரம் கடந்தும் அழுகை நிற்கவில்லை என்றால் மருத்துவரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

உணர்ச்சி மெல்ல வரும், கீழ் நடுவில் ஒரு பகுதி நிரந்தரமாக மரத்தும் இருக்கலாம்.

வெண்மேகம்:

அவன் கை நீட்டினால் நீங்கள் உட்கார்ந்துகொண்டு அவனைப் பக்கத்தில் ஏறச் சொல்லுங்கள், கண்ணம்மா. மடியில் தலை வைக்கட்டும். நான் இங்கேதான் இருக்கிறேன். எந்நேரமானாலும் எழுதுங்கள்.

மழைத்துளி:

16ஆம் நாள். ஓர் அவசரக் கேள்வி. நேற்றிலிருந்து அடிவயிற்றில் வலது பக்கம் மெத்தென்று புடைத்திருக்கிறது. விரலால் தட்டினால் தண்ணீர்ப் பையைத் தட்டியதுபோல் அலை ஓடுகிறது. காய்ச்சல் இல்லை, சிவப்பும் இல்லை. அறுவைக்குப் பின் வயிற்றைச் சுற்றிக் கட்டியிருக்கும் பெல்ட்டை இன்னும் இறுக்கிக் கட்டலாமா?

அறுவைக்கூடச் செவிலி:

இறுக்கிக் கட்டாதீர்கள். மருத்துவரை இன்றே அழையுங்கள். நீங்கள் சொல்வது செரோமா போலிருக்கிறது, நீர் கோர்ப்பது. இந்த அறுவையில் அதிகமாக வருகிற சிக்கல் இதுதான். பயப்பட வேண்டியதில்லை, ஆனால் விடவும் கூடாது. ஊசியால் உறிஞ்சி எடுப்பார்கள். நீங்களாக எதுவும் செய்யாதீர்கள்.

எல்லோருக்கும் சொல்கிறேன்: 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், நாற்றமுள்ள கசிவு, பரவும் சிவப்பு, தோல் ஊதாவாவது, இவற்றுக்கு அன்றே மருத்துவர். ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, மயக்கம், இவற்றுக்கு யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் அவசர ஊர்தி.

மழைத்துளி:

போய் வந்தேன். அழைத்த இரண்டு மணி நேரத்தில் வரச் சொன்னார். அவரே ஊசி வைத்து 90 மில்லி எடுத்தார். அந்த இடம் மரத்திருந்ததால் வலியே தெரியவில்லை. ஒரு வாரத்தில் மீண்டும் வரச் சொன்னார். "நீங்கள் கவனித்துச் சொன்னது நல்லது" என்றார். 5 நிமிடம் நின்றவரிடம் போயிருந்தால் இந்த அலையை யாரிடம் காட்டியிருப்பேன் என்று திரும்பும் வழியெல்லாம் நினைத்தேன்.

மழைத்துளி:

7 வாரம். இரண்டாவது முறை 40 மில்லி, மூன்றாவது முறை எடுக்க ஒன்றும் இல்லை. மூன்றாவது வாரம் நிமிர்ந்து நடந்தேன், அதே வாரம் உட்கார்ந்து செய்யும் வேலைக்குத் திரும்பினேன். வலி மாத்திரையை நிறுத்தி, சட்டென்று பிரேக் மிதிக்க வயிறு இடம் கொடுத்த பிறகுதான் கார் ஓட்டினேன். நேற்று அனுமதி கிடைத்தது. சின்னவனை நாற்காலியில் நிற்கவைத்து அங்கிருந்து தூக்கினேன். 7 வாரத்தில் கனத்துவிட்டான்.

உடலியக்கம்:

மகிழ்ச்சி. இப்போதே வயிற்றுப் பயிற்சிக்குத் தாவாதீர்கள். முதலில் மூச்சு, இடுப்புத்தளம், நடை. உடம்பை மடக்கி எழும் பயிற்சிகளை மருத்துவர் சொல்லும்வரை, பொதுவாக 3 மாதம்வரை, தொட வேண்டாம்.

தூறல்:

புதிதாக வந்திருக்கிறேன், இழை முழுவதையும் இரவோடிரவாகப் படித்தேன். எனக்கு 10 நாளில் அறுவை. தழும்புக்கு எப்போது, என்ன போடுவது? என் தங்கைக்குக் காதில் தழும்புத் தடிப்பு வந்திருக்கிறது, எனக்கும் வருமா? மரத்துப்போன இடத்துக்கு வெந்நீர்ப் பை வைத்தால் சீக்கிரம் உணர்ச்சி வரும் என்கிறார்கள், உண்மையா?

மழைத்துளி:

தூறல், எனக்கு இப்போது 5 மாதம். கேட்ட வரிசையிலேயே சொல்கிறேன்.

தையல் முழுவதும் மூடி, பொருக்கு உதிர்ந்த பிறகு சிலிகோன் பட்டை ஒட்டச் சொன்னார். நாளில் 12 மணி நேரத்துக்கு மேல், குறைந்தது 3 மாதம். முதலில் தழும்பு வெளிறிக் கிடந்தது. பிறகு சிவந்து தடித்து என்னைப் பயமுறுத்தியது. இப்போது மெல்ல மங்குகிறது. ஓராண்டிலிருந்து ஒன்றரை ஆண்டுவரை மாறிக்கொண்டே இருக்குமாம். வெயில் படக் கூடாது, பட்டால் கறுக்கும்.

கீலாய்டு என்னும் தழும்புத் தடிப்பு குடும்பத்தில் வருகிற ஒன்று. தங்கைக்கு இருப்பதை இந்த 10 நாளுக்குள் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். தடிப்பு தொடங்கும்போதே ஊசி போட ஆயத்தமாக இருப்பார். கருநிறத் தோலில் இது அதிகம் வரும்.

வெந்நீர்ப் பை மட்டும் வேண்டவே வேண்டாம். உணர்ச்சி இல்லாத தோலுக்குச் சூடு தெரியாது, வெந்துபோன பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். ஐஸ் பையும் அப்படித்தான். எனக்கு இன்னும் தொப்புளுக்குக் கீழே நான்கு விரல் அகலம் மரத்துத்தான் இருக்கிறது. ஓரங்களில் எறும்பு ஊர்வதுபோல் குறுகுறுக்கிறது. நரம்பு திரும்புகிறது என்றார்.

இரவில் எடுக்கும் எண் உங்களிடம் இருக்கிறதா? இல்லையென்றால் நாளை காலை முதல் வேலையாக அதைக் கேட்டு வாங்கிவிட்டு இங்கே எழுதுங்கள். காத்திருப்பேன்.